ராத்திரி ஒரு மணிக்கு ஊசியா?

ராத்திரி ஒரு மணி இருக்கும். அடுக்களையில் விளக்கு எரிகிறதே என்று எழுந்து போனேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. என் மாமியார் கையில் இன்சுலின் பேனா!

"என்ன அத்தை, இந்த நேரத்திலே?"

"பெட்டி மணி அடிச்சுதேம்மா. ஊசி போட்டுக்க வேண்டாமா?"

எனக்குக் கை கால் உதறிவிட்டது. சாப்பாட்டுக்கு முன் 7.30 மணிக்கே அவர் வழக்கம்போலப் போட்டுக்கொண்டாயிற்று. அரைத் தூக்கத்தில் அது மறந்துவிட்டது. இன்னொரு முறையும் போட்டுக்கொண்டு படுத்திருந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி என்ன ஆகியிருக்குமோ!

மருந்து வேளைக்கு மணி அடிக்கும் அந்த வை-ஃபை பெட்டி, கொழுந்தனார் வாங்கித் தந்தது. இத்தனை நாளும் ஒழுங்காய்த்தான் இருந்தது. விடிந்ததும் குளியலறையிலிருந்து என்னவர், "வெந்நீர் எங்கே?" என்று சத்தம் போட்டார். காலை 5.30-க்குத் தானாக ஓட வேண்டிய கீசர், சாவகாசமாக 11 மணிக்கு ஓடிற்று!

அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டிலும் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகு. முந்தின நாள் மாலை இன்டர்நெட் ரௌட்டரை மாற்றி, எல்லாச் சாமான்களையும் புதிதாக இணைத்திருந்தோம். வினை அங்கேதான்.

அந்தக் காலத்தில் அப்பா ரேடியோவில் நேரம் சொல்லும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். இந்தச் சாமான்களும் இன்டர்நெட்டில் மணி கேட்டுத் திருத்திக்கொள்கின்றன. என்டிபி என்ற இந்த ஏற்பாட்டை 1985-இல் வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் ஆகும் தாமதத்துக்கும் அதில் கணக்கு உண்டு. கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் அது சொல்வது உலகப் பொது நேரம். நமக்கு அதோடு 5.30 மணி கூட்ட வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

செல்போனில் அந்தந்தச் சாமானின் ஆப்பைத் திறந்து, டைம் ஸோன் என்ற இடத்தில் ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். சென்னையைத் தேடாதீர்கள், அநேகமாகப் பட்டியலில் இராது! நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ரௌட்டரிலும் அதே டைம் ஸோன். என்டிபி சர்வர் கேட்டால் 'இன்.பூல்.என்டிபி.ஆர்க்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். குழந்தைகளுக்காக ரௌட்டரில் பூட்டுப் போட்டிருக்கிறீர்களா? மணி கேட்கும் வழியான யூடிபி 123 அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தால்? மலிவான பிளக்குகள் பலவற்றுக்குச் சொந்தக் கடிகார பாட்டரி கிடையாது. இன்டர்நெட் வரும்வரை சில, 1970 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொண்டிருக்கும்! அதனால் ரௌட்டரை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டோம்.

எதை மாற்றினாலும், இரண்டு நிமிஷம் கழித்து மணி அடிக்கும்படி வைத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் தினசரி காலண்டர் ஒன்றும் தொங்குகிறது. ஊசி போட்டதும் அத்தையே அதில் ஒரு டிக் போட வேண்டும். பெட்டி என்ன கத்தினாலும் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. கூடத்துச் சுவர்க் கடிகாரம் மட்டும் இன்னமும் ஐந்து நிமிஷம் முன்னால்தான் ஓடுகிறது. "அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்கிறார் அத்தை.