சூடாகி நிற்கும் கம்ப்யூட்டர்: காற்றுக்கு வழிவிட்டால் பாதி நோய் தீரும்



2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு, குருவிகுளம் வட்டாரத்தில் பல மளிகைக் கடைகளின் பில்லும் கணக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. சித்திரை வெயிலில், கடையில் ஆள் நிற்கிற நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். உடனே போட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அணையும். கால் மணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். "பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வேண்டியது காற்றுதான்.

இதை அலட்சியமாக விடுவதும் சரியல்ல. பில் எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கணக்குக் கோப்பு கெட்டுப்போகலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருடத்தின் கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பெட்டி போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எங்கே வாங்குவது?

சூடு எங்கிருந்து வருகிறது?

1981இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் மூளையான 8088 சிப்புக்குத் தனி விசிறி கிடையாது. வேகம் கூடக்கூடச் சூடும் கூடியது. இன்று சாதாரண டெஸ்க்டாப் சிப்புகள் பலவற்றுக்கு 65 வாட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமா? அந்த அளவு சூடு ஒரு தபால் தலை அளவுச் சில்லிலிருந்து கிளம்புகிறது. அதை வாங்கிக்கொள்ள மேலே அலுமினியச் சீப்பு போன்ற ஒரு கட்டை (ஹீட் சிங்க்), அதன் தலையில் ஒரு விசிறி. சூடு எல்லை மீறினால் சிப் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் வெயில் காலத்தில் பில் மெதுவாக வருகிறது. அதற்கும் மேலே போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். கடைக்குள் 38 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் அதற்குக் கீழே ஒருநாளும் வராது. ஈரப்பதம் உள்ள வத்தலைக் காற்றில்லாமல் அடுக்கினால் மூட்டை புழுங்கிச் சூடேறும் என்பது நமக்குத் தெரியும். பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குகிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

திரை, பெட்டி, யு.பி.எஸ். மூன்றும் ஒன்றாக அணைந்தால் யு.பி.எஸ். பேட்டரியையோ கரண்டையோ பாருங்கள். திரையில் விளக்கு எரிந்து, பெட்டி மட்டும் அணைந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் 'ஹார்டுவேர் மானிட்டர்' அல்லது 'பி.சி. ஹெல்த்' என்ற பகுதியில் சிப்பின் சூடும் விசிறியின் சுற்றும் தெரியும். சும்மா நிற்கும்போதே 70, 80 டிகிரி காட்டினால் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சோதனை: பக்கத்து மூடியைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை எதிரே வைத்து ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் நோய் சூடுதான். ஆனால் மூடியைத் திறந்தபடியே வியாபாரம் செய்ய வேண்டாம். மல்லித்தூளும் மாவும் உள்ளே படியும், எலி ஒயரைக் கடிக்கும். விசிறிகள் ஒழுங்காக இழுத்துத் தள்ளும் காற்றோட்டமும் கலைந்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை

1. கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, பெட்டியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுபோங்கள்.

2. உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும்.

3. மெல்லிய பெயிண்ட் பிரஷ், கை புளோயர் போதும். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அது வேண்டாம்.

4. அலுமினியச் சீப்பின் இடுக்குகளைப் பாருங்கள். மளிகைக் கடையில் எண்ணெய்ப் பசையும் தூளும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருக்கும். அநேகமாக நோயின் வேர் அங்கேதான்.

5. கரண்ட் பெட்டியை (எஸ்.எம்.பி.எஸ்.) மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து தூசி தட்டினால் போதும்.

அப்படியும் சூடு குறையாவிட்டால், சிப்புக்கும் சீப்புக்கும் நடுவே உள்ள பசை (தெர்மல் பேஸ்ட்) காய்ந்திருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டு, ஒரு உளுந்து அளவு புதிதாக வைக்கச் சொல்லுங்கள். கூடுதலாக அப்பினால் கூடுதல் பலன் கிடையாது.

காற்றின் பாதை

முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. இதுதான் விதி. சூடான காற்று மேலே ஏறும் என்பதால், பின்பக்கம் மேலே உள்ள விசிறி வெளியே தள்ள வேண்டும். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, காலையில் சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியே போதும். பெட்டியின் முன்னால் காட்டினால் புகை உள்ளே போகவேண்டும். பின்னால் காட்டினால் விலகிப் போகவேண்டும். இரண்டு விசிறியும் ஒரே பக்கம் இழுத்தாலோ, பின் விசிறியே இல்லாவிட்டாலோ மாற்றிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் விசிறி கிடைக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். கல்லா மேசைக்குள் கதவு சாத்தி வைத்தால், விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். தரையிலிருந்து ஓரடி உயர்த்திப் பலகை மேல் வையுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னாலும், வத்தல், மாவு மூட்டைகளுக்கு அருகிலும் வேண்டாம். பின்பக்கத்தில் தகடு இல்லாத ஓட்டைகள் இருந்தால் எலி நுழையாதபடி தகடு போட்டு மூடுங்கள்.

நம்முடையது கரிசல் பூமி. ஆடிக் காற்றில் புழுதிக்குக் குறைவிருக்காது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குறிப்பாகப் பங்குனிக் கடைசியிலும் தீபாவளி வியாபாரத்துக்கு முன்பும், பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். பயாஸ் காட்டும் சூட்டை அன்று கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை எண் ஏறியிருந்தால், கம்ப்யூட்டர் நிற்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

தராசை நாள்தோறும் துடைக்கிறோம். இன்று நம் கணக்கைச் சுமப்பது இந்தப் பெட்டி. அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குவோம்.