சென்னைத் துறைமுக இருப்புப்பாதை

சென்னைத் துறைமுக இருப்புப்பாதை என்பது சென்னைத் துறைமுகத்தின் கப்பல் தளங்களை, இராயபுரம் பகுதியில் தென்னக இரயில்வேயின் பாதைகளுடன் இணைக்கும் சரக்குப் பாதைகளின் தொகுதி ஆகும். இது 1676 மி.மீ. அகலம் கொண்ட அகலப்பாதை ஆகும். பயணிகள் வண்டிகள் இதில் இயங்குவதில்லை. எனவே, நாள்தோறும் இதற்கு அருகில் பயணம் செய்யும் வடசென்னை மக்களில் பலரும் இதனைக் கண்டதில்லை. இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் சில, தமக்கென இருப்புப்பாதையைக் கொண்டிருந்தன. 1915இல் திறக்கப்பட்ட மும்பைத் துறைமுக இருப்புப்பாதை இவ்வகையைச் சேர்ந்த மற்றொன்றாகும்.

வரலாறு

இப்பகுதியில் இருப்புப்பாதை, துறைமுகத்துக்கு முன்னரே வந்துவிட்டது. இராயபுரம் தொடர்வண்டி நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டிச் சேவை 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து தொடங்கியது. அப்பாதை வாலாஜா ரோடு வரை சுமார் 100 கி.மீ. நீளம் கொண்டது. அக்காலத்தில் சென்னையில் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரை சேர்த்தன. 1861இல் இரும்புத் தூண்கள் மீது ஒரு பாலத்துறை கட்டப்பட்டது. 1870களில் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்ப் பணிகள் 1881ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதம் அடைந்தன.

துறைமுகத்தின் இன்றைய அமைப்புக்கு அடித்தளம் இட்டவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இவர் இருப்புப்பாதைப் பொறியாளராகப் பணியாற்றிய பின் 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைவராக இருந்தார். துறைமுகத்தின் வாயில் இவர் காலத்தில் வடகிழக்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. கணிதமேதை இராமானுஜன் 1912இல் எழுத்தராகப் பணியில் சேர்ந்ததும் இவர் தலைமையில் இயங்கிய அலுவலகத்திலேயே ஆகும்.

இயங்கும் முறை

கப்பல் தளங்களை ஒட்டி அமைந்த பாதைகளில் காலி வேகன்கள் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. சரக்கு ஏற்றப்பட்ட பின் அவை துறைமுக யார்டில் ஒரே தொடராகக் கோக்கப்படுகின்றன. அங்கு எடை பார்க்கப்படுகிறது. பிரேக், இணைப்பி, சக்கரங்கள் ஆகியவை ஆய்வு செய்யப்படுகின்றன. அதன் பின்னரே முழு வண்டியும் தென்னக இரயில்வேயிடம் ஒப்படைக்கப்படுகிறது. குறித்த நேரத்துக்கு மேல் வேகன்களை நிறுத்தி வைத்தால் இரயில்வேக்குத் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே கப்பல், பளுதூக்கி, வேகன் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஆயத்தமாக இருப்பது இன்றியமையாதது.

அண்மையில் உள்ள புறநகர்ப் பாதைகளில் 25,000 வோல்ட் மின்கம்பிகள் இருப்பினும், சரக்கு ஏற்றி இறக்கும் இடங்களில் டீசல் எஞ்சின்களே பயன்படுகின்றன. பாதைக்கு மேலே மின்கம்பி சென்றால் பளுதூக்கிகள் இயங்க இயலாது என்பதே இதன் காரணம். ஷண்டிங் பணிக்கான டீசல் எஞ்சின்களுள் டபிள்யூ.டி.எஸ்.-6 என்பது நன்கு அறியப்பட்ட வகை ஆகும். இப்பெயரில் முதல் எழுத்து அகலப்பாதையையும், இரண்டாவது டீசலையும், மூன்றாவது ஷண்டிங் பணியையும் குறிக்கும். நெடுந்தொலைவு செல்லும் எஞ்சின்களின் பராமரிப்புக்கு இராயபுரத்தில் மின் எஞ்சின் பணிமனையும், தண்டையார்பேட்டையில் டீசல் எஞ்சின்களுக்காக அமைந்த பணிமனையும் உள்ளன.

சரக்குகளில் ஏற்பட்ட மாற்றம்

பல ஆண்டுகளாக இப்பாதையின் முதன்மைச் சரக்குகள் இரும்புத்தாதுவும் நிலக்கரியும் ஆகும். பெல்லாரி-ஹோஸ்பெட் பகுதியிலிருந்து இரும்புத்தாது வண்டிகளில் வந்து கப்பலேறியது. நிலக்கரி கப்பலில் வந்து வண்டியேறியது. திறந்த வேகன்களிலிருந்தும் குவியல்களிலிருந்தும் எழுந்த தூசு இராயபுரம் உள்ளிட்ட குடியிருப்புகளில் படிந்தது. இது தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி 2011 அக்டோபர் 1 முதல் இவ்விரு சரக்குகளையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளுவது நிறுத்தப்பட்டது. அவற்றுக்குரிய இடமாக எண்ணூர்த் துறைமுகம் குறிக்கப்பட்டது. 2001இல் செயல்படத் தொடங்கிய அத்துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இதன் பயனாக இராயபுரத்தின் காற்றில் தூசு குறைந்தது. அதே வேளையில் துறைமுகப் பாதை தன் பெருஞ்சரக்கை இழந்தது. நிலக்கரியின் சுமை வடக்கே, அனல் மின் நிலையங்கள் உள்ள எண்ணூர் வட்டாரத்துக்கு நகர்ந்தது. சென்னைத் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களைப் பெரிதும் சார்ந்ததாக மாறியது. இங்கு 2001இலும் 2009இலும் தனியார் நிறுவனங்கள் இயக்கும் இரு பெட்டக முனையங்கள் தொடங்கப்பட்டன.

பெட்டகங்களைப் பொறுத்தவரை இருப்புப்பாதையின் தேவையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பி.எல்.சி. எனப்படும் தாழ்தள வேகன் ஒன்று 20 அடிப் பெட்டகங்கள் இரண்டினை ஏற்கும். 45 வேகன்கள் கொண்ட ஒரு வண்டி 90 பெட்டகங்களை எடுத்துச் செல்லும். ஒரு டிரெய்லர் லாரி இரு பெட்டகங்களை ஏற்றிச் செல்வதாகக் கொண்டாலும், அதே சரக்குக்கு 45 லாரிகள் தேவைப்படும். துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நீண்ட வரிசையாகக் காத்து நிற்பது திருவொற்றியூர், காசிமேடு மக்கள் நன்கு அறிந்த துன்பம் ஆகும். இருப்புப்பாதையில் செல்லாத ஒவ்வொரு பெட்டகமும் இந்தத் தெருக்களின் வழியாகவே செல்கிறது.

ஒளிப்படப் பதிவு

தொடர்வண்டி ஆர்வலர்கள் எஞ்சின்களையும் வேகன்களையும் ஒளிப்படம் எடுத்துத் தொகுப்பது உலகெங்கும் காணப்படும் பொழுதுபோக்கு ஆகும். இத்துறைமுகப் பாதையைப் பொறுத்தவரை இதற்கு எல்லைகள் உண்டு. துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே செல்ல இயலாது. படம் எடுக்கத் துறைமுக நிருவாகத்தின் அனுமதி தேவை. தண்டவாளப் பகுதியில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ 1,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம் ஆகும்.

வளாகத்துக்கு வெளியே, முறையான பயணச்சீட்டுடன் புறநகர் நிலையங்களின் நடைமேடைகளிலிருந்து சரக்கு வண்டிகளைக் காணலாம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் ஆகிய நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இப்பாதை பெரும்பாலும் தெற்கு வடக்காகச் செல்வதால், காலையில் வண்டியின் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் வெளிச்சம் பெறும். நண்பகலில் வெயில் நேர்மேலே இருப்பதால் சக்கரம், பிரேக், வில் முதலிய அடிப்பாகங்கள் நிழலில் மறைந்துவிடும். ஒருநாளில் ஒரே வேகன் தொகுதியைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்தால் இரு பக்கங்களும் தெளிவாகப் பதிவாகும்.

வேகன் எண்ணைப் படித்தல்

படத்தில் வேகனின் எண் தெளிவாகத் தெரிவது இன்றியமையாதது. இந்திய வேகன்களின் எண் 11 இலக்கங்கள் கொண்டது. அதன் பொருள் பின்வருமாறு:

1, 2ஆம் இலக்கங்கள்: வேகனின் வகை
3, 4ஆம் இலக்கங்கள்: உரிமையுள்ள இரயில்வே
5, 6ஆம் இலக்கங்கள்: கட்டப்பட்ட ஆண்டு
7 முதல் 10 வரை: தனி எண்
11ஆம் இலக்கம்: சரிபார்ப்பு இலக்கம்

எடுத்துக்காட்டுக்கு 22061012341 என்ற கற்பனை எண்ணைக் கொள்வோம். 22 என்பது திறந்த வேகனையும், 06 என்பது தென்னக இரயில்வேயையும், 10 என்பது 2010ஆம் ஆண்டையும் குறிக்கும். இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களின் கூடுதல் 2+6+0+2+4=14. இதனை மூன்றால் பெருக்க 42 கிடைக்கும். கடைசி இலக்கத்தை விடுத்து, ஒற்றைப்படை இடங்களின் கூடுதல் 2+0+1+1+3=7. இரண்டும் சேர்ந்து 49. அடுத்து வரும் பத்தின் மடங்கு 50. இவற்றின் வேறுபாடான 1 சரிபார்ப்பு இலக்கம் ஆகும். இக்கணக்கு பொருந்தாவிடில் எண் தவறாகப் படிக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

ஆவண மதிப்பு

இராயபுரம் நிலையக் கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. வேகன்களுக்கும் ஷண்டிங் எஞ்சின்களுக்கும் அத்தகைய பாதுகாப்பு கிடைப்பது அரிது. பணிக்காலம் முடிந்ததும் அவை பழைய இரும்பாக விற்கப்படுகின்றன. 2011க்கு முன் எடுக்கப்பட்ட நிலக்கரி வண்டியின் படம் ஒன்று இன்று எடுக்க இயலாத படம் ஆகும். நாள், இடம், வேகன் எண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்ட ஒளிப்படம், எந்தச் சரக்கு எந்த ஆண்டில் எவ்வழியே சென்றது என்பதற்குச் சான்றாக அமையும். துறைமுகத்தால் வடசென்னை அடைந்த வாழ்வாதாரத்தையும் சுமந்த இன்னலையும் ஆராய்வோருக்கு இத்தகைய சான்றுகள் பயன்படும்.