சக்கரத்தைச் சுமப்பது ஸ்டட் இல்லை, தெரியுமா?

காரின் பாரத்தை, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் அந்த நாலு ஸ்டட்டும்தான் சுமக்கின்றன என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! நட்டை இறுக்கும்போது ஸ்டட் துளியூண்டு நீள்கிறது. நீண்டது பழையபடி சுருங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அப்படி அழுந்திய இரண்டு உலோக முகங்களின் உராய்வுதான் வண்டியையே தாங்குகிறது!

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? 12 மி.மீ. ஸ்டட்டில் 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், ஒரு நட்டுக்கே நாலு டன்னுக்கு மேல்! நாலு நட்டுக்கு 16 டன்! காரின் மொத்த எடையோ ஒரு டன் சொச்சம்தான்!

இத்தனை விசைக்கும் ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்! அவ்வளவேதான்!

ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகும் வட்டத் தகடுதான் ஸ்பேசர். அதை மாட்டுவதற்கு முன் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? நடுவில் ஒட்டியிருக்கும் துருவோ பெயின்டோ ஓட்டத்தில் ஒரு முடி அளவு நசுங்கினால் போதும், 16 டன் அழுத்தமும் மாயமாகிவிடும்! சக்கரம் தளர ஆரம்பிக்கும்! ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்கவே கூடாது என்பதும் இதனால்தான். ஒவ்வொரு தகடும் நசுங்கக்கூடிய இன்னொரு இணைப்பைச் சேர்க்கிறதே!

அழுத்தம் மட்டும் போதாது, சக்கரம் மையத்திலும் உட்கார வேண்டும்! வெளிக்கடைகளில் விற்கும் பல அலாய் வீல்களின் நடுத்துளை 73.1 மி.மீ. பல மாருதி சுசூகி கார்களின் ஹப்பில் அதற்குள் நுழையும் விளிம்பு எவ்வளவு தெரியுமா? வெறும் 54.1 மி.மீ.! சுற்றிலும் 9.5 மி.மீ. காலி! ஒரே வீல் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்றுதான் இவ்வளவு பெரிய துளை. அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் உண்டு. சின்னப் பிளாஸ்டிக் வளையம்தான், ஆனால் சக்கரம் நடுமையத்தில் உட்காருவதே அதனால்தான்! மெல்லிய ஸ்பேசரைச் செருகினால் என்ன ஆகும்? ஹப்பின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை அது விழுங்கிவிடும்! வீலுக்கு மையப் பிடிமானமே இருக்காது. அதனால் நல்ல ஸ்பேசர்களில் வெளிப்பக்கமும் ஒரு விளிம்பு கடைந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், கடையில் முதலில் கேட்க வேண்டியது தடிமனை அல்ல, இந்த நடுத்துளை அளவைத்தான்!

மையம் கொஞ்சம் விலகினால்தான் என்ன என்கிறீர்களா? 205/55 ஆர்16 டயர் 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 14 முறை சுற்றுகிறது! ஸ்டீயரிங்கும் வினாடிக்கு 14 முறை அதிரும்!

மரைக் கணக்கு இன்னும் திகில்! 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால், நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது முழுசாக ஏற வேண்டும். 10 மி.மீ. ஸ்பேசர் அதில் எத்தனை சுற்றைத் தின்றுவிடும் தெரியுமா? ஆறுக்கும் மேல்! நீளமான ஸ்டட் போடாமல் மாட்டினால், மிச்சம் இரண்டு சுற்றுகூட இல்லாமல் தொங்கும் சக்கரத்தை நம்பி நெடுஞ்சாலையில் போவீர்களா?

ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் ஸ்டட்டே கிடையாது! போல்ட்தான்! அதுவும் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டையைக் கூம்புக்குள் இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே ஒட்டும்! கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், பிடிப்போ இருக்காது!

20 மி.மீ. போன்ற தடித்த ஸ்பேசர்கள் பலவற்றில் ஸ்டட் அதிலேயே பதிந்து வரும். முதலில் ஸ்பேசர் ஹப்பில், பிறகு வீல் ஸ்பேசரில். ஐந்து ஸ்டட் உள்ள காரில் 20 நட்டு 40 ஆகிவிடும்! அதில் பாதி வீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்! 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிக்க வேண்டும் அல்லவா? அந்த 20-ஐச் சோதிக்க வீலையே கழற்றியாக வேண்டும்!

ஸ்பேசர் என்றாலே உள்ளூர் ஒர்க்‌ஷாப் வேலை என்று நினைத்தீர்களா? போர்ஷே 911-க்கு அந்த நிறுவனமே 5 மி.மீ. ஸ்பேசர் விற்றிருக்கிறது! ஜெர்மனியில் ஸ்பேசருக்குச் சான்றிதழே வேண்டும், தெரியுமா? பல ஸ்பேசர்களை மாட்டிய பிறகு நிபுணரிடம் காட்டி வண்டி ஆவணத்திலும் பதிய வேண்டும்! ஒரு வட்டத் தகட்டுக்கு இத்தனை கெடுபிடி!

போல்ட் போட்ட கார்க்காரர்களுக்கு இன்னொன்று! ஸ்பேசருக்காக வாங்கிய நீள போல்ட்டை, ஸ்பேசரைக் கழற்றிய பிறகும் மாட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? சில கார்களில் அது பின்சக்கரத்துக்குள் புகுந்து ஹேண்ட்பிரேக் பாகங்களையே இடிக்கும்! பழைய குட்டை போல்ட்களை டிக்கியிலேயே வைத்திருங்கள்!