மாறும் கடலும் சுழியோடியும்

யூலை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் ஹிக்கடுவைக் கரையில் நிற்பவர் காண்பது கலங்கிய கடலையே. அலைகள் உயர்ந்து எழுந்து கரையை மோதுகின்றன. வள்ளங்கள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அதே நாளில், அதே நேரத்தில், நாட்டின் மறுபுறத்தில் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த கடலோ அடிமணல் தெரியும்படி தெளிந்து கிடக்கின்றது. ஆறு மாதம் கழிந்து தை மாதம் வரும்போது இக்காட்சி முற்றாக மாறிவிடும். கிழக்குக் கடல் கொந்தளிக்க, மேற்குக் கடல் அமைதி கொள்ளும். ஒரே தீவைச் சூழ்ந்த நீர் இவ்வாறு முகம் மாறுவதை அறிந்துகொள்வதே, பொழுதுபோக்காகக் கடலில் சுழியோட விரும்புவோருக்கு முதற் பாடமாகும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பருவக்காற்றுக்களே. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகின்றது. யாழ்ப்பாணத்தார் இதனைச் சோளகம் என்பர். மட்டக்களப்பார் கச்சான் என்பர். அக்காலத்தில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் காற்றுக்கு நேர்முகமாக நிற்கின்றன. கிழக்குக் கரையோ நிலத்தின் மறைவில் இருக்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வடகீழ் பருவக்காற்றாகிய வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகின்றது. ஆகவே கிழக்கில் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையும், மேற்கில் கார்த்திகை தொடக்கம் சித்திரை வரையும் சுழியோடுதற்கு ஏற்ற காலங்களாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வறிவு புதியதன்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தையே, பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களையே, தமக்கு உரியதாகக் கொண்டனர். காலிற் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்துக்கு அவர்கள் இறங்கினர். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி விழித்திருப்பான். குளிப்பவனின் உயிர் அவன் கையில் இருந்தது.

1943 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவராகிய கூஸ்ரோ, காஞான் என்னும் இருவர், அமுக்கிய காற்றைத் தேவைக்கேற்ப மூச்சாக வழங்கும் கருவியை உருவாக்கினர். அதன் பின்னர் நீரின் கீழ் அரை மணி, ஒரு மணி நேரம் தங்குதல் சாதாரண மனிதருக்கும் இயல்வதாயிற்று. 1956 இல் இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இக்கருவியோடு இந்நாட்டுக் கடல்களிற் சுழியோடினர். திருகோணமலையிற் கோணேசர் கோயில் நின்ற மலையடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் சிதைவுகளையும் அவர்கள் கண்டனர். இவ்வகையிற் சுழியோடுதல் இன்று ஸ்கூபா என்னும் பெயரால் வழங்குகின்றது. கருவி மனிதனுக்கு மூச்சைக் கொடுத்தது. ஆயினும் கடலின்மேல் ஆட்சியை அது கொடுக்கவில்லை.

பருவம் அறிந்தால் மட்டும் போதாது. பருவத்துள் நாளையும் அறிதல் வேண்டும். காற்றே இல்லாத தெளிந்த நாளிற் கூடக் கரையில் பெரிய அலைகள் வந்து உடைவதுண்டு. இவை அருகிலுள்ள காற்றினால் எழுந்தவையல்ல. தெற்கே பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தென்பெருங்கடலில் வீசிய புயல்களாற் பிறந்து, நாட்கணக்காகப் பயணஞ்செய்து வருபவை. அலையின் தாக்கம் அதன் நீளத்திற் பாதி அளவான ஆழம் வரை செல்லும் என்பது இயற்கை விதி. உள்ளூர்க் காற்றால் எழுந்து நான்கு செக்கனுக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறக்குறைய 25 மீற்றர். அதன் அசைவு 12 மீற்றர் ஆழத்தில் அடங்கிவிடும். பன்னிரண்டு செக்கனுக்கு ஒன்றாக வரும் நெடிய அலையின் நீளமோ 220 மீற்றருக்கும் மேற்பட்டது. அது கரையோரத்துப் பார் முழுவதையும் அடிவரை அசைக்கும். பதினைந்து மீற்றர் ஆழத்திலும் சுழியோடியை முன்னும் பின்னுமாக இழுத்துப் பாறையில் மோத வல்லது. எனவே மேற்பரப்பில் நுரை இல்லை என்பதை மட்டும் கொண்டு கடல் அமைதியானது என்று முடிவு செய்தல் பிழையாகும். இரு அலைகளுக்கு இடையே செல்லும் நேரத்தைக் கரையில் நின்று எண்ணிப் பார்த்தல் சிறந்த சோதனையாகும்.

நீரின் தெளிவும் நாளுக்கு நாள் வேறுபடும். மழை பெய்து ஆறுகள் பெருகும்போது அவற்றின் சேறு கடலிற் பரவுகின்றது. வாடைக் காலத்தில் மகாவலி ஆறு கொட்டியாரக் குடாவைக் கலக்குகின்றது. தென்மேல் மழைக் காலத்தில் களனி ஆறு கொழும்பின் வட பகுதிக் கடலைக் கலக்குகின்றது. தெற்குக் கரைக்கு அப்பாலோ தென்மேல் காற்றுக் காலத்தில் ஆழத்திலிருந்து குளிர்ந்த, உரம் மிக்க நீர் மேலெழும். அதனால் நுண்ணிய கடற்றாவரங்கள் பெருகி நீர் பச்சை நிறமடையும். கலங்கிய நீரில் துணைவர் கண்ணுக்கு மறைவர். மேல் எது, கீழ் எது என்பதும் மயங்கும்.

எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது நீரோட்டம். மணிக்கு ஒரு கடல்மைல் என்னும் வேகம் நிலத்தில் மெல்ல நடப்பவனின் வேகத்திலும் குறைந்தது. ஆயினும் அவ்வோட்டத்தில் இருபது நிமிடம் மிதப்பவன் 600 மீற்றருக்கு மேல் அள்ளுண்டு போவான். அதனை எதிர்த்து நீந்துவது பயின்றவருக்கும் களைப்பைத் தரும். களைப்பு மூச்சைக் கூட்டும்.

இதன் பொருளை ஒரு கணக்கினால் விளக்கலாம். 12 லீற்றர் கொள்ளும் உருளையில் வளிமண்டல அமுக்கத்தின் 200 மடங்கு அமுக்கத்தில் காற்று அடைக்கப்பட்டால், ஏறக்குறைய 2400 லீற்றர் காற்று கிடைக்கும். அதிற் காற்பங்கை ஆபத்துக்கென ஒதுக்கினால் எஞ்சுவது 1800 லீற்றர். அமைதியாக நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பார் எனக் கொள்வோம். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், 20 மீற்றர் ஆழத்தில் அவருக்கு அதன் மும்மடங்காகிய 60 லீற்றர் வேண்டும். அவ்விடத்தில் அவர் முப்பது நிமிடம் தங்கலாம். நீரோட்டத்தை எதிர்த்துப் போராடி மூச்சு இருமடங்கானால் அம்முப்பது பதினைந்தாகிவிடும். கருவி மாறவில்லை, ஆழமும் மாறவில்லை, கடல் மாறியதே காலத்தைப் பாதியாக்கியது. இதனாலேயே நீரோட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, திரும்பும்போது அதனோடு வருக என்னும் விதி ஏற்பட்டது. இறங்குமுன் நங்கூரக் கயிறு எவ்வளவு சாய்ந்துள்ளது, மிதக்கும் சருகு எத்திசையில் எவ்வளவு விரைவாகப் போகின்றது என்று நோக்குவோர் இவ்விடரைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்வர்.

காற்றுக் குறைந்தால் விரைந்து மேலே வந்துவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அங்கேதான் உயிராபத்து இருக்கின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் நுரையீரலை நிறைக்கும் காற்று மேற்பரப்பை அடையும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுபவரின் நுரையீரல் கிழிந்துபோகலாம். அமுக்கத்தின் கீழ் இரத்தத்திற் கரைந்த நைதரசன், விரைவாக மேலே வரும்போது குமிழிகளாக வெளிப்பட்டு, மூட்டு வலியையும் முடக்குவாதத்தையும் சில வேளைகளில் மரணத்தையும் விளைவிக்கும். இதனைத் தடுத்தற்கான முதல் அட்டவணைகளைப் பிரித்தானிய அறிஞர் ஹோல்டேன் 1908 இல் வெளியிட்டார். இன்று நிமிடத்துக்கு 9 மீற்றர் அளவில் மெல்ல எழுந்து, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, அதன் பின்னரே மேலே வருமாறு கற்பிக்கப்படுகின்றது. அலை மிக்க நாளில் அந்த ஐந்து மீற்றரில் அசையாது நிற்பதே கடினம். நிற்பதற்கு மனவுறுதியும் எஞ்சிய காற்றும் தேவை. முன்னரே காற்றைச் செலவிட்டவருக்கு இரண்டும் இருப்பதில்லை.

நாளுக்கு நாள் நேரும் இம்மாற்றங்களோடு ஆண்டாண்டாக நிகழும் மாற்றம் ஒன்றும் இன்று சேர்ந்துள்ளது. கடல் நீர் வெப்பமடைந்து வருகின்றது. வழக்கமான கோடைச் சூட்டிலும் ஒரு பாகை செல்சியஸ் கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தால், முருகைக் கற்களில் வாழும் உயிர்கள் தம்முள் உறையும் நுண் பாசிகளை இழந்து வெளிறிவிடும். 1998 இல் ஹிக்கடுவையின் முருகைப் பார்கள் இவ்வாறு பெருஞ் சேதமுற்றன. திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் பெரும்பாலும் தப்பின. 2016 இல் இலங்கைக் கடலில் மீண்டும் வெளிறல் நேர்ந்தது. இது அழகின் இழப்பு மட்டுமன்று. உயிருள்ள பார் அலையைத் தடுக்கும் அரணாகும். அது இறந்து தேய்ந்து தாழும்போது, முன்னர் பாரின் உட்புறத்தில் ஒடுங்கிய அலை கரை நோக்கித் தடையின்றிச் செல்லும். பல ஆண்டுகளின் பின் பழகிய இடத்துக்குத் திரும்பி வரும் சுழியோடி தன் நினைவை மட்டும் நம்பி இறங்கலாகாது. எஞ்சியுள்ள பாரை மிதியாமலும் கையாற் பற்றாமலும் நீந்துதல் அவருடைய கடமையுமாகும்.

ஆசையின் கவர்ச்சியோ பெரிது. 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றது. அதனைக் காண விரும்பிப் பலர் வருகின்றனர். ஆனால் அது கிடப்பது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 40 மீற்றர். நெடுந்தூரம் வந்துவிட்டோம், பணம் கட்டிவிட்டோம், விடுமுறை முடிகின்றது என்னும் எண்ணங்கள் அந்த எல்லையையும் அன்றைய கடலின் நிலையையும் மறக்கச் செய்கின்றன. இவ்வெண்ணங்களில் ஒன்றையேனும் கடல் அறியாது.

அவ்வூர்க் கடலில் நாள்தோறும் தொழில் செய்யும் மீனவர் இன்று வேண்டாம் என்று சொன்னால், அச்சொல்லை ஏற்றல் அறிவுடைமை. அவர் வேண்டாம் என்னாத நாளிலும், இறங்கும் இருவரில் ஒருவருக்கு ஐயம் தோன்றினால் இருவரும் வள்ளத்தில் தங்கிவிடல் வேண்டும். காரணம் கேட்டு அவரை நாணச் செய்தல் கூடாது. முத்துக் குளித்தவனின் உயிரைக் காத்தது மேலே கயிறு பிடித்திருந்தவனின் விழிப்பு. இன்று அக்கயிறு இல்லை. இறங்குமுன் கடலை நோக்கி எடுக்கும் முடிவே அதன் இடத்தில் நிற்கின்றது. தெளிந்த கடல் நாளை மறுபடியும் வரும். கரையில் நின்றவர் அப்போது இறங்கலாம்.