நூலகருக்கு ஒரு வகுப்பு நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர், நெம்மேலியைப் பெரும்பாலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் ஊராகவே அறிவர். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய முதல் ஆலை 2013-இலும், 15 கோடி லிட்டர் திறனுடைய இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியிலும் இங்கு செயல்பாட்டுக்கு வந்தன. இவற்றால் சென்னைக்குக் கிடைத்தது என்ன, கரையோர மீனவர் குடும்பங்களின் வருவாய்க்கு நேர்ந்தது என்ன என்பது பொருளியல் மாணவர் ஒருவருக்கு மிக நல்ல ஆய்வுப் பொருள்.

அதையே தன் ஆய்வேட்டின் தலைப்பாக எடுத்துக்கொண்ட முதுநிலை மாணவி ஒருவர் சென்ற ஆண்டு என்னைச் சந்தித்தார். இக்கடற்கரையின் மீனவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர். கையில் பதினான்கு பக்கங்கள் வைத்திருந்தார். எல்லாம் இணையத்தில் தேடியபோது முதல் பக்கத்தில் வந்து விழுந்தவை. கல்லூரி நூலகத்துக்குச் செல்லவில்லையா என்று கேட்டேன். "போனேன் சார். அங்கே என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. நூலகர் கணினியில் வேலையாக இருந்தார், திரும்பிவிட்டேன்" என்றார்.

நூலகர் கணினியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சமர்ப்பிக்கப்படும் மாதம். ஒவ்வோர் ஆய்வேட்டையும் ஒப்புமை மென்பொருளில் ஏற்றிச் சோதித்து, எத்தனை விழுக்காடு பிற நூல்களோடு ஒத்திருக்கிறது என்று சான்றளிக்கும் பொறுப்பு இன்று பெரும்பாலும் நூலகரைச் சேர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தடையில்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். எனவே ஆய்வாளர்கள் நூலகரின் மேசையைச் சூழ்ந்து நிற்பதில் வியப்பில்லை. ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' தேசியக் களஞ்சியத்தில் பதிவேற்றுவது, பேராசிரியர்களின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று கணக்கெடுப்பது, தரவரிசைக்கும் தர மதிப்பீட்டுக்கும் புள்ளிவிவரம் திரட்டுவது என அடுத்தடுத்த பணிகள் காத்திருக்கும். இவை அனைத்தும் ஆய்வுத் துணைப் பணிகள், தேவையானவையும்கூட. ஆனால் இவற்றைச் செய்து முடித்தபின், தேடுவது எப்படி என்று ஒரு மாணவிக்குக் கற்றுக்கொடுக்க நூலகருக்கு நேரம் எஞ்சுவதில்லை.

அன்று மாலை அந்த மாணவியுடன் அமர்ந்தேன். 'செங்கல்பட்டு மாவட்ட மீனவர்' என்று தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றார். கிடைக்காதுதான். செங்கல்பட்டு மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில். அதற்கு முந்தைய ஆவணங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரில் இருக்கின்றன. இன்னும் பின்னே சென்றால் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், அதற்கும் முன் பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தேடினால் ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியும் கலந்து வரும். மாவட்டத்தின் பெயரை மாற்றித் தேடியவுடன் ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் வரிசையாக வந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் நடத்திய மீனவர் கணக்கெடுப்பும் கிடைத்தது. அதை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் ஆய்வின் முகமே மாறிவிட்டது. நான் அன்று செய்தது பொருளியல் பேராசிரியரின் வேலை அல்ல. நூலகர் வகுப்பறையில் நின்று நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலை.

நூலகர் கற்பிக்க வேண்டும் என்பது மேலைநாட்டிலிருந்து புதிதாக இறங்கிய கருத்தன்று. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன் அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். பேசுவதற்கு மாணவர் இல்லாத அந்தப் பணி சில நாள்களிலேயே சலித்துப்போய், மீண்டும் கல்லூரிக்கே அனுப்பிவிடுமாறு அவர் வேண்டிக்கொண்டது நூலகத் துறையில் அனைவரும் அறிந்த செய்தி. இங்கிலாந்து சென்று பயின்று திரும்பியபின் அவர் வகுப்பறையை நாடவில்லை, நூலகத்தையே வகுப்பறையாக்கினார். வாசகரின் தேவையைக் கேட்டறிந்து உதவும் பணியை நூலகத்தின் இதயமாகக் கருதினார். கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவருக்கு நூலகத்தைப் பயன்படுத்தப் பழக்குவதையும் நூலகரின் கடமைகளில் ஒன்றாக வகுத்தார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவரது ஐந்து விதிகளில் நான்காவது. 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக அவர் தொடங்கிய நூலகர் பயிற்சிப் பள்ளியை 1931-இல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. ஆய்வாளருக்கு உதவுவதும் மாணவருக்குக் கற்பிப்பதும் அவரிடம் இரு வேறு பணிகளாக இருந்ததில்லை. அதே பல்கலைக்கழகம் பின்னாளில் நெம்மேலியில் ஓர் உறுப்புக் கல்லூரியைத் தொடங்கியது. இன்று அது அரசு கலை அறிவியல் கல்லூரி.

நூறாண்டுக்குப் பின் இவ்விரண்டும் ஏன் பிரிந்தன? நூலகர்களின் சோம்பல் என்று சொல்வது எளிது, அது உண்மையல்ல. இங்கே நான் கற்பித்த துறைதான் கைகொடுக்கிறது. ஒரே ஊழியரிடம் இரு பணிகளை ஒப்படைத்து, அவற்றுள் ஒன்றன் விளைவை மட்டுமே அளந்து ஊதியமோ உயர்வோ தந்தால், அளக்க முடிந்த பணி செழிக்கும், மற்றது வாடும் என்று பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராம், பால் மில்குரோம் ஆகிய பொருளியலாளர்கள் 1991-இல் எழுதினர். இருவரும் பின்னர் வெவ்வேறு ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றவர்கள். ஊழியர் நேர்மையற்றவர் என்பது அவர்கள் கூற்றின் பொருளன்று. நேர்மையான ஊழியரையும் அளவுகோல் தன் பக்கம் இழுக்கும் என்பதே. ஒப்புமைச் சோதனைக்குச் சான்றிதழ் உண்டு. பதிவேற்றிய ஆய்வேட்டுக்கு எண்ணிக்கை உண்டு. திருந்தத் தேடக் கற்றுக்கொண்ட மாணவிக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுப் பணி விதிமுறைகளில் நூலகரின் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டு அட்டவணையைப் படித்துப் பார்த்தால் இது விளங்கும். அட்டவணையின் முதல் இனம், ஆண்டில் எத்தனை விழுக்காடு நாள்கள் நூலகத்துக்கு வந்தார் என்பது. நூல்களின் இருப்புச் சரிபார்ப்பும் தொலைந்த நூல்களின் கணக்கும் அதில் உண்டு. பயனாளருக்குக் குறுகிய காலப் படிப்புகளை வடிவமைத்து நடத்துவதும் உண்டு. ஆனால் அது, மாணவர் சேர்க்கை, தேர்வுப் பணிகளில் உதவுவது, ஆய்வுக் கட்டுரை வெளியிடுவது போன்ற பலவற்றோடு ஒன்றாகக் கடைசியில் நிற்கிறது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்று வரையறுக்கும் அதே விதிமுறை, ஆசிரியருக்கு இணையான ஊதிய நிலையில் இருக்கும் கல்லூரி நூலகருக்கு ஒரு மணி நேரத்தையும் வரையறுக்கவில்லை. ஆசிரியரின் ஊதியத்தைத் தந்தோம். ஆசிரியரின் கால அட்டவணையைத் தர மறந்தோம்.

இம்மறதிக்கு இப்போது விலை கூடியிருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடிப் பேர் படிக்க இது வழிசெய்கிறது. தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் ரூ.1,100 என்று கணக்கு வருகிறது. ஊரகக் கல்லூரிக்கும் ஐ.ஐ.டி.க்கும் ஒரே நூலகம் என்பது உண்மையிலேயே பெரிய செயல். நான் படித்த காலத்தில் ஓர் அயல்நாட்டு ஆய்விதழுக்காகச் சென்னைக்கு ரயிலேறியதை எண்ணும்போது பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் இதழ் திறந்திருப்பதும் அதை மாணவர் படிப்பதும் ஒன்றல்ல. நிறுவனங்கள் விழிப்புணர்வுப் பரப்புரை நடத்த வேண்டும் என்கிறது திட்டம். பரப்புரை ஒரு நாள் நிகழ்வு; பதாகையோடு முடிந்துவிடும். எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது, கிடைத்த நூறு கட்டுரைகளில் எதை விடுவது, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழை எப்படி அடையாளம் காண்பது என்பவையெல்லாம் பருவம் முழுதும் பழக வேண்டியவை.

அப்படியானால் இரு பணிகளுக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. இளநிலை மாணவர் நிறைந்த கல்லூரியில் கற்பித்தலே முதலிடம் பெற வேண்டும். மேற்கோளை எப்படிக் காட்டுவது என்று இரண்டாம் ஆண்டில் கற்றவர், ஆய்வேட்டில் முப்பது விழுக்காடு ஒப்புமையோடு வந்து நிற்கமாட்டார். தடுப்பூசிக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் உள்ள உறவுதான் இது. முன்னதற்குச் செலவிடும் ஒரு மணி பின்னதில் பல மணியை மிச்சப்படுத்தும்.

பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. அங்கு ஆய்வாளர் பலர். அவர்களின் தேவைகளும் நுட்பமானவை. அங்கே இரு பணிகளையும் ஒருவர் தலையில் சுமத்தாமல், துணை நூலகர்களிடையே பொறுப்புகளைப் பிரிப்பதே முறை. மென்பொருளை இயக்குவது, பதிவேற்றுவது போன்றவற்றைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப உதவியாளர் செய்துவிடலாம். அறிக்கையைப் படித்து, இது திருட்டா, பொதுவான சொற்றொடரா என்று தீர்ப்பதற்குத்தான் நூலகரின் அறிவு தேவை. முனைவர் பட்டப் பதிவுக்கு முன் அனைவரும் படித்தாக வேண்டும் என்று 2019 இறுதியில் கட்டாயமாக்கப்பட்ட ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடம் 30 மணி நேரம் கொண்டது. திறந்தநிலை வெளியீடு, தரவுத்தளங்கள், மேற்கோள் அளவீடுகள் ஆகியவை அதன் அலகுகள். இவற்றை நடத்த நூலகரைவிடத் தகுதியானவர் யார்? ஆய்வுத் துணையும் கற்பித்தலும் ஒரே இடத்தில் சந்திக்கும் பாடம் இது. அதை நூலகரின் பெயரிலேயே கால அட்டவணையில் ஒதுக்குவதற்குப் புதிய பணியிடம் எதுவும் வேண்டியதில்லை.

கல்லூரியில் சிக்கல் வேறு விதமானது. அங்கே பெரும்பாலும் ஒரே நூலகர். சில இடங்களில் அந்த ஒருவரும் இல்லை. அவர் வகுப்புக்குச் சென்றால் நூலகத்தை யார் பார்ப்பது என்று முதல்வர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓர் உதவியாளரை அமர்த்தச் செலவாகும். அச்செலவை ஏற்காமல் நூலகரைக் கற்பிக்கச் சொல்வது நேர்மையன்று. மாணவர் தலைக்கு ரூ.1,100 கொடுத்து வாங்கிய இதழ்கள் திறக்கப்படாமல் கிடப்பதன் செலவையும் அதன் எதிரே எழுதிப் பார்க்க வேண்டும். வாரம் நான்கு மணி நேரம், ஆய்வு முறையியல் தாளுக்குள்ளேயே, மதிப்பெண்ணோடு நூலகருக்குக் கொடுத்துத் தொடங்கலாம். மதிப்பெண் இல்லாத வகுப்புக்கு நம் மாணவர் வரமாட்டார் என்பதை முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

இதில் ஆசிரியர்களின் பங்கையும் மறைப்பதற்கில்லை. பணிக்காலம் முழுதும் மாணவர்களை "நூலகத்துக்குப் போய்ப் பார்" என்று அனுப்பியவன் நான். என் வகுப்புக்கு நூலகரை அழைத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் எனக்குத் தொண்டை கட்டியிருந்த நாளில். அன்று அவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூலை எப்படிப் புரட்டுவது என்று ஒரு மணி நேரம் சொன்னார். நானும் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன். மறுபடியும் அழைக்க வேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை.

நெம்மேலி ஆலைகளைப் பற்றிய அந்த மாணவியின் ஆய்வேடு நிறைவடைந்துவிட்டது. ஒப்புமை அனுமதித்த அளவுக்கும் கீழேதான் இருந்தது. சோதித்துச் சான்றிதழில் கையொப்பமிட்டவர் அதே நூலகர். இரண்டு ஆண்டுப் படிப்பில் அவரும் அந்த மாணவியும் பேசிக்கொண்டது அன்று மட்டும்தான்.