பேட்டரி டிரில்லுக்குள் வெப்பம் எங்கே போகிறது?

பத்தாம் வகுப்பில் ஜூலின் வெப்ப விதியை நடத்தும்போது இஸ்திரிப்பெட்டி, மின் அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன் என்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறோம். இவை எல்லாவற்றிலும் வெப்பம் நமக்குத் தேவையான ஒன்று. வேண்டாத இடத்தில் உண்டாகும் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி இந்த எடுத்துக்காட்டுகளில் எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பொருத்தமான கருவி தச்சரும் எலக்ட்ரீஷியனும் கையில் வைத்திருக்கும் பேட்டரி டிரில். நம் மாணவர்கள் பலருடைய வீடுகளில் அது இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்ததும் அதைக் கொண்டே சம்பாதிக்கப் போகிறவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

சில எண்களைப் பார்ப்போம். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயனி செல்கள் ஐந்து தொடரிணைப்பில் இருக்கும். கடினமான மரத்தில் துளையிடும்போது 20 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் 360 வாட். நம் வகுப்பறையில் சுற்றும் 75 வாட் மின்விசிறிகள் ஏறத்தாழ ஐந்துக்குத் தேவையான திறன், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கைப்பிடி வழியாகச் செல்கிறது. அதில் பெரும்பகுதி துளையிடும் வேலைக்குப் போனாலும், மிச்சம் வெப்பமாக மாறி அந்தச் சிறிய கூட்டுக்குள்ளேயே தங்குகிறது.

டிரில்லின் விசையை மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், முழுதாக அழுத்தினால் வேகமாகவும் சுற்றுகிறது அல்லவா? பழைய பெட்டி வடிவ ஃபேன் ரெகுலேட்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் மின்தடைக் கம்பிச் சுருள் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் அது சூடாகும். டிரில்லில் இதே முறையைக் கையாண்டால் கைப்பிடியைத் தொடவே முடியாது. அதனால் மாஸ்ஃபெட் என்ற குறைகடத்திச் சுவிட்ச் பயன்படுகிறது. அது ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகிறது. பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் மூடியும் இருந்தால் மோட்டாருக்குப் பாதி மின்னழுத்தம் கிடைத்ததுபோல் ஆகும். முழுதாக நிறுத்தப்பட்ட நிலையில் மின்னோட்டம் இல்லை. முழுதாக இயங்கும் நிலையில் மின்தடை மிகமிகக் குறைவு. இரண்டு நிலைகளிலும் இழப்பு சொற்பமே. ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறும் நொடிப்பொழுதில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வீணாகும்.

பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள டிரில்லில் ஆறு மாஸ்ஃபெட்டுகள் இருக்கும். எந்த நேரத்திலும் இரண்டின் வழியே மின்னோட்டம் பாயும். இரண்டுக்கும் சேர்த்து மின்தடை 0.006 ஓம் என்று கொள்வோம். 20 ஆம்பியரில் உண்டாகும் வெப்பம் 2.4 வாட். டிரில் பிட் மரத்தில் சிக்கி மின்னோட்டம் 40 ஆம்பியர் ஆனால் 9.6 வாட். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதைக் கரும்பலகையில் இந்த எண்களைக் கொண்டே காட்டலாம்.

பத்து வாட்டுக்கும் குறைவுதானே என்று மாணவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். ஆனால் அந்த வெப்பம் உண்டாகும் இடம் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள சில்லு. இங்கே ஓம் விதியை வேறு உருவில் அறிமுகப்படுத்தலாம். மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் வெப்பநிலை வேறுபாடு, மின்னோட்டத்தின் இடத்தில் வெப்பம் பாயும் வீதம், மின்தடையின் இடத்தில் வெப்பத்தடை. ஒவ்வொரு வாட்டுக்கும் வெப்பநிலை 20 டிகிரி உயர்கிறது என்றால், 2.4 வாட்டுக்கு 48 டிகிரி. வெளியே 35 டிகிரி இருந்தால் சில்லு 83 டிகிரிக்கு வரும். 9.6 வாட்டிலேயே தொடர்ந்து ஓடினால் 227 டிகிரி. சிலிக்கான் சில்லுகள் பெரும்பாலும் 150 அல்லது 175 டிகிரி வரைதான் தாங்கும். நல்லவேளையாக அந்த வெப்பநிலையை உடனே எட்டிவிடாது. சில்லுடன் ஒட்டியுள்ள அலுமினியத் தகடு சூடாகச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த அவகாசத்தில்தான் தச்சர் துளையை முடித்துவிடுகிறார்.

வடிவமைப்பாளருக்கு உண்மையான தலைவலி இனிமேல்தான். மோட்டாரின் அச்சிலேயே ஒரு சிறிய விசிறி பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். ஆனால் வெப்பம் மிகுதியாக உண்டாவது எப்போது? பெரிய துளையிடும்போது, திணறி மெதுவாகச் சுற்றும்போது. அப்போதுதான் மின்னோட்டம் அதிகம், காற்றோ குறைவு. தேவை மிகுந்த நேரத்தில் குளிர்விப்பு குன்றிவிடுகிறது. இதோடு, 100 டிகிரி சூடேறினால் மோட்டாரின் தாமிரச் சுருளில் மின்தடை சுமார் 40 சதவீதம் கூடும். அதனால் அதே மின்னோட்டத்துக்கு இன்னும் அதிக வெப்பம். அனுபவமுள்ள தொழிலாளர்கள் கடினமான துளைக்குப் பிறகு டிரில்லை மரத்திலிருந்து எடுத்து, முழு வேகத்தில் அரை நிமிடம் சும்மா ஓடவிடுவார்கள். சுமை இல்லாததால் மின்னோட்டம் குறைவு, வேகத்தால் காற்று அதிகம். விதியைப் படிக்காமலே விதிப்படி நடக்கும் இந்தப் பழக்கத்துக்கான காரணத்தை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காற்றுத் துளைகளை விரலாலோ டேப்பாலோ மூடக்கூடாது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

காற்றே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1971 ஆம் ஆண்டு அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால் நிலவில் துளையிட்டார். நிலவின் உள்ளிருந்து வரும் வெப்பத்தை அளக்கும் கருவியைப் புதைக்கவே அந்தத் துளைகள். எண்ணிய ஆழத்தை அவரால் எட்ட முடியவில்லை. அதற்குக் காரணம் இறுகிய மண்ணும் துளைத்தண்டின் அமைப்பும், சூடு அல்ல. ஆனாலும் அங்கே விசிறியால் பயனில்லை. கடத்தலும் கதிர்வீச்சும் மட்டுமே துணை. வெப்பம் பரவும் மூன்று முறைகளில் ஒன்றை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்க இது நல்ல இடம்.

இன்றைய டிரில்களில் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்ற சிறு உணரி இருக்கும். சூடானால் இதன் மின்தடை குறையும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சுற்று தானாக மோட்டாரை நிறுத்திவிடும். "மெஷின் போச்சு" என்று பலர் அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஆறவிட்டாலே போதும். பேட்டரிக்கும் இதே கதை. லித்தியம் அயனி செல்லைச் சார்ஜ் செய்ய உகந்த வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரை. வேலை முடிந்த சூட்டோடு சொருகினால் நல்ல சார்ஜர் ஆறும்வரை காத்திருக்கும். மலிவான சார்ஜர் காத்திருக்காது, அதுவே ஆபத்து. சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ வண்டிக்குள்ளோ பேட்டரியை வைப்பதும் அப்படித்தான். இதை மட்டுமாவது மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

வகுப்பில் செய்ய ஒரு சோதனை. கடையில் கிடைக்கும் 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கித் தொடரிணைப்பில் இணையுங்கள். 5 வோல்ட் மொபைல் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுங்கள். 0.25 ஆம்பியர் பாயும். இரண்டிலும் சமமாக 0.625 வாட் வெப்பம் உண்டாகும். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதை உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டோடு நூலால் இறுகக் கட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டின் மேலும் வெப்பநிலைமானியின் குமிழை வைத்துப் பாருங்கள். பிறகு தகட்டுக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவே ஒரு தாளை வைத்தும், தாளுக்குப் பதில் சிறிது பற்பசை தடவியும் அளக்கச் செய்யுங்கள். அலுமினியம் காற்றைவிடச் சுமார் 8,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இடையில் சிக்கிய மெல்லிய காற்றுப் படலமே தடை. பற்பசை அதை நிரப்புகிறது. மின்னணுக் கருவிகளில் தடவும் தெர்மல் பேஸ்ட்டின் வேலையும் இதுதான்.

ஆர்வத்தில் டிரில்லின் பேட்டரியையே இந்தச் சோதனைக்கு எடுத்துவிட வேண்டாம். அதன் முனைகள் தவறிச் சேர்ந்தால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். கம்பி சிவந்து உருகிவிடும்.