போர்ட்டிங்: பெரிய எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் குடைந்து சீராக்குவதே போர்ட்டிங். வேலை முடிந்ததும் சில பட்டறைகள் காற்றோட்ட அளவைத் தாளில் எழுதித் தருகின்றன. குடைந்தெடுத்த உலோகத்தை எளிதில் திரும்ப வைக்க முடியாது. அதனால், காசு கொடுக்கும் முன்பே அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த அழுத்த வேறுபாட்டில் அளந்தார்கள் என்பது. 10 அங்குல நீர்மட்ட வேறுபாட்டில் நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை விடும் அதே ஹெட், 28 அங்குலத்தில் ஏறத்தாழ 167 கன அடி காட்டும். ஹெட் மாறவில்லை, அளந்த விதம்தான் மாறியது.

அடுத்தது வால்வு திறக்கும் உயரம். நடு உயரங்களை வால்வு ஒவ்வொரு தடவையும் இருமுறை கடக்கிறது. உச்சத்தை ஒருமுறைதான் தொடுகிறது. ஆகவே உச்ச எண் மட்டும் போதாது. உங்கள் கேம் திறக்காத உயரத்தில் எடுத்த எண்ணால் பயனே இல்லை.

வழியை அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் காற்றின் வேகம் குறையும். பந்தய வண்டிக்கு அது சரிவரலாம். தினமும் பிழைப்புக்கு ஓடும் வண்டியிலோ குறைந்த சுற்றில் இழுவை போய்விடும்.

பட்டறையிடம் ஒன்று கேளுங்கள்: "என்ர ஹெட்டை வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில, ஒரே அழுத்தத்தில அளந்து தருவீங்களா?" தயங்கினால், வேறு இடம் பாருங்கள்.